மேஜையின் நடுவே ஒரு நேரான விரிசல்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவோடு எழுதுவது. இங்கே நானும் மேஜையும் சௌக்கியம். அங்கே தாங்களும், தங்கள் துணைவியாரும், தங்கள் வலது முழங்காலும், கோபித்துக்கொண்டு வந்து தங்களோடு தங்கியிருக்கும் என் மனைவியும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதே என் ஆசை. இதைப் போனிலேயே சொல்லி முடித்திருப்பேன். "நீங்க போன்ல பேச ஆரம்பிச்சா இந்தப் பக்கம் ஒருத்தரும் மூச்சு விட முடியல, எதுவா இருந்தாலும் எழுதி அனுப்புங்க" என்று சொல்லித் தாங்கள் போனை வைத்துவிட்டதால் எழுத வேண்டியதாகிவிட்டது. மின்விசிறிக் காற்றில் தாள் பறக்கிறது. மேஜையிலிருந்து நான் கழற்றிய இரும்புத் தகடு ஒன்று கைக்கு எட்டும் இடத்தில் கிடந்தது. அதைத் தாளின் மேல் பாரமாக வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

தங்கள் செய்தி கிடைத்தது. "தையல் மிஷினை சனிக்கிழமை வேன் வரும், குடுத்து விடவும். அவள் இங்கேயே கடை போடலாம் என்று இருக்கிறாள்." என் தொழில் தங்களுக்குத் தெரியும். அச்சகத்தில் உட்கார்ந்து ஊரார் எழுத்தில் பிழை பார்த்தே எனக்குத் தலை நரைத்தது. அதனால் முதல் தடவை படித்தபோது வேன் எப்படி மிஷினை வரும் என்பதுதான் கண்ணில் பட்டது. பேனாவை எடுத்துத் திருத்தக்கூடப் போனேன். இரண்டாவது தடவை படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. அவள் கிளம்பியபோது ஒரு பை மட்டும்தான் கொண்டுபோனாள். மிஷின் இங்கே இருக்கிறது, எங்கே போய்விடப் போகிறாள் என்று தைரியமாக இருந்தேன். மிஷினும் போய்விட்டால் அப்புறம் இந்த வீட்டில் அவளுடையது என்று சொல்ல என்ன இருக்கிறது? ஆகவே தாங்கள் இந்தக் கடிதத்தை அவளை எதிரே உட்காரவைத்து ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்ட வேண்டும். வேனைச் சனிக்கிழமை அனுப்பக் கூடாது. இதுதான் என் விண்ணப்பம். இனி நடந்ததைச் சொல்கிறேன், நியாயம் யார் பக்கம் என்று தாங்களே சொல்லுங்கள்.

இத்தனை வருஷமாக மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோமே, ஒரு மேஜை வாங்கலாம் என்று சொன்னது அவள்தான். பழைய சாமான் கடைக்குப் போனோம். சிறிய வீடு, நாற்காலி இழுக்கவே இடமில்லை என்று நான் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். கடைசியில் இந்த மேஜையின் முன்னால் அவள் நின்றாள். விளிம்பைத் தடவினாள், குனிந்து அடியில் பார்த்தாள், "இது நம்ம வீட்டுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குங்க" என்றாள். நான் பார்த்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் பழுதுதான். செம்பழுப்புப் பெயிண்ட் பொரிந்து உரிகிறது, சூடான பாத்திரம் வைத்த வெள்ளை வட்டங்கள், யாரோ இஸ்திரிப் பெட்டியை மறந்துவிட்டுப் போன கருகல், மேல்பலகையின் நடுவே குறுக்காக ஒரு விரிசல். போதாததற்கு ஐந்து கால். கடைக்காரர், "தேக்கு சார். அஞ்சு கால் வேற, கூடுதல் பலம்" என்றார். இவள் என் பக்கம் திரும்பி, "அந்த அஞ்சாவது கால் எதுக்குன்னா..." என்று ஆரம்பித்தாள். "அதான் அவரே சொல்றாரே, கூடுதல் பலம்னு" என்று நான் விஷயத்தை முடித்துவைத்தேன். தேக்கு என்ற வார்த்தையில் கொஞ்சம் மயங்கிவிட்டேன் என்பது உண்மை.

மேஜையை ஆட்கள் கொண்டுவந்து இறக்கியபோது நான் அச்சகத்தில் இருந்தேன், இவள்தான் வாங்கி வைத்தாள். நான் வீட்டுக்கு வந்தபோது அது உள்ளறையில் அவளுடைய தையல் மிஷினுக்கு முன்னால் அறையை அடைத்துக்கொண்டு நின்றது. "ஹாலை ஒழிச்சதும் அங்க கொண்டு போயிடலாங்க. உங்ககிட்ட காட்டணும்னுதான் இப்படி விரி..." என்று ஏதோ சொல்ல வந்தாள். ஹாலை எப்படி ஒழிக்க வேண்டும் என்பது பற்றி எனக்குச் சில யோசனைகள் இருந்தன, அவற்றைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. சரி, இங்கேயே உட்காரலாம் என்று எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். முதல் வாய் வைப்பதற்குள் என் முழங்கால் அந்த ஐந்தாவது காலில் இடித்தது. அது கதவு மாதிரி ஒரு பக்கமாகப் போயிற்று. கிறீச்சென்று ஒரு சத்தம், என் பக்கத்துப் பலகை பாதி சரிந்தது, தட்டிலிருந்த சாப்பாடு மொத்தமும் என் மடிக்கு வந்து சேர்ந்தது.

இவள் சிரித்தாள். மைத்துனரே, மடி சுட்டதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், அந்தச் சிரிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை. "உடைஞ்சுபோன மேஜையை வாங்கிட்டு வந்து சிரிக்கிறியா?" என்றேன். "உடையலைங்க, அது வந்து..." என்றாள். "உடையலையா? மடியில சோறு கெடக்கு, உடையலைங்கறே." "ஒரு நிமிஷம் நான் சொல்றதைக் கேளுங்க, அந்த நடுவுல இருக்கறது..." "நடுவுல இருக்கறது விரிசல். எனக்குக் கண்ணு தெரியும். நீ சொல்ல வர்றது எல்லாமே எனக்குத் தெரியும்." அவள் எழுந்து கையைக் கழுவிக்கொண்டாள். மறுநாள் காலையில் பையோடு வாசலில் நின்று, "நான் ஆரம்பிச்ச ஒரு வாக்கியத்தையாவது இந்த வீட்டுல முடிச்சிருக்கேனான்னு யோசிச்சுப் பாருங்க" என்றாள். நிறைய முடித்திருக்கிறாய் என்று சொல்லிவிட்டு, உதாரணத்துக்கு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் ஆட்டோ போய்விட்டது.

சரி, மேஜையைப் புதுசு மாதிரி ஆக்கிக் காட்டினால் அவளே வாயடைத்துப்போவாள் என்று முடிவு கட்டினேன். எனக்கு ஆணி அடிக்கத் தெரியாது என்பது தங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் கற்றுக்கொள்வது. ஆனால் இன்ன மரம் என்று தெரியாமல் இன்ன பூச்சு என்று முடிவு செய்ய முடியாதாம், ஹார்டுவேர் கடையில் அப்படிச் சொல்லிவிட்டார்கள். மேல்வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், சட்டைப்பையில் எப்போதும் லென்ஸ் இருக்கும், தெருவில் அவருக்குப் பெயரே பூதக்கண்ணாடி. வந்தார், விரலால் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், மோந்து பார்த்தார். "தேக்காவது கீக்காவது. இது வேங்கை. தூளைக் கொஞ்சம் தண்ணியில போட்டு வையுங்க, நிறம் மாறும்" என்றார். போட்டேன், நிறம் மாறியது. அதைப் பார்த்த சந்தோஷத்தில் டம்ளரை அங்கேயே வைத்துவிட்டுச் சுரண்டல் வேலையில் இறங்கினேன். தாகம் எடுத்தபோது கைக்கு வந்தது அந்த டம்ளர்தான், ஒரே மூச்சில் குடித்துவிட்டேன். ஓடிப்போய்க் கேட்டால், "வேங்கையா இருந்தா உடம்புக்கு நல்லது" என்கிறார். வேங்கையாக இல்லாவிட்டால் என்று கேட்டேன். "அப்போ அது பெயிண்ட்" என்றார். அன்று முழுக்க நாக்கைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்து நகத்தால் கீறிப் பார்க்கச் சொன்னார். நகம் பதிந்தால் மெத்து மரம், பதியாவிட்டால் வைரம் பாய்ந்தது. மேஜையில் பதிந்த மாதிரியும் இருந்தது, பதியாத மாதிரியும் இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வீட்டுக் கதவு, ஜன்னல், நாற்காலி எல்லாவற்றிலும் நகத்தை அழுத்தினேன். இப்போது வீடு முழுக்க நகக்குறி இருக்கிறது, வீட்டுக்காரர் வந்து பார்த்தால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. கடைசியில் பூதக்கண்ணாடி, "மாமரம்தான், நான் அப்பவே நினைச்சேன்" என்றார். ஹார்டுவேர் கடைக்காரர் தேக்குக்கு ஒரு டப்பா, வேங்கைக்கு ஒரு டப்பா, மாமரத்துக்கு ஒரு டப்பா என்று சலிக்காமல் எடுத்துக்கொடுத்தார். எந்த மரமாக இருந்தால் என்ன, என் மரம் என்று மூன்றையும் கலந்துவிட்டேன்.

உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது இருக்கிறதே, அதை எதிரிக்கும் சொல்ல மாட்டேன். செம்பழுப்புக்கு அடியில் பச்சை, பச்சைக்கு அடியில் நீலம், நீலத்துக்கு அடியில் மறுபடியும் செம்பழுப்பு. உள்ளங்கையெல்லாம் கொப்புளம். பல் தேய்க்கிற பிரஷ்ஷில் மரத்தூள், தலையணையில் மரத்தூள், அச்சகத்தில் திருத்திக் கொடுத்த தாளிலும் மரத்தூள். இஸ்திரிக் கருகல் மட்டும் போகவே மாட்டேன் என்றது. நானும் விடவில்லை. தேய்த்துத் தேய்த்து அந்த இடம் குழிந்து ஒரு சாஸர் மாதிரி ஆகிவிட்டது. கருகல் இப்போது அந்த சாஸரின் அடியில் பத்திரமாக இருக்கிறது.

இனி விரிசலுக்கு வருகிறேன், இதை மெதுவாக வாசிக்கவும். இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரை, அளவுகோல் வைத்துக் கோடு போட்டது மாதிரி அத்தனை நேர். வாழ்நாளில் இப்படி ஒரு நேரான விரிசலை நான் பார்த்ததில்லை. பூதக்கண்ணாடியும் லென்ஸை வைத்து நெடுக நடந்து பார்த்துவிட்டு, "காய்ஞ்ச மரம், இப்படித்தான் வெடிக்கும்" என்றார். அடியில் படுத்துப் பார்த்தால், யாரோ ஒரு மடையர் விரிசலின் குறுக்கே இரண்டு இரும்புத் தகடுகளைத் திருகாணி போட்டு ஒட்டுப்போட்டிருக்கிறார். அதன் மேலேயே பெயிண்ட் அடித்து அடித்து இரண்டும் மொத்தையாகிக் கிடந்தன. கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப் போட்டேன். கழற்றியதும் பலகை இரண்டாகவே வந்துவிட்டது. ஒரு பாதியின் அடியில் நான்கு கால், இன்னொரு பாதிக்கு அந்த ஆடுகிற கால் ஒன்றுதான். செய்தவருக்கு ஒழுங்கு என்பதே தெரியவில்லை. நான் விரிசலின் இரண்டு பக்கமும் மரப்பசை தடவி, பலகைகளைச் சேர்த்து வைத்து, துணி காயப்போடும் கொடிக்கயிற்றை அவிழ்த்துவந்து இறுக்கிக் கட்டினேன். கட்டியது வழுக்கி வழுக்கி வந்ததால் பசை பிடிக்கும்வரை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது போன் அடித்தது. ஹாலில் வைத்திருந்தேன். கையை எடுத்தால் பலகை விலகிவிடும், அதுவரை பட்டதெல்லாம் வீண். ஒருவேளை அவளாக இருக்குமோ என்று நினைத்தேன். அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது, மறுபடியும். நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பசை பிடித்ததும் ஓடிப்போய்ப் பார்த்தால் எல்லாம் தங்கள் வீட்டு எண். கூப்பிட்டேன், தாங்கள் எடுத்தீர்கள். "அவதான் கூப்பிட்டா. நீங்க விரிசலை ஒட்டப் போறீங்கன்னு நேத்து சொன்னீங்கல்ல, அதைச் சொன்னேன், உடனே போனைப் பிடுங்கினா. நீங்க எடுக்கலைன்னதும் போயிட்டா" என்றீர்கள். என்ன சொல்லக் கூப்பிட்டாள் என்று நான் கேட்கவில்லை. ஒட்டி முடித்த கதையைத் தங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். மறுநாள்தான் மிஷினைக் கேட்டுச் செய்தி வந்தது.

வேலையை மட்டும் நான் நிறுத்தவில்லை. அடியில் கட்டை வைத்து அறைந்தேன். மரத்தூளையும் பசையையும் குழைத்துப் பட்டி தயார் செய்து விரிசலில் மேலும் கீழும் அடைத்துத் தேய்த்தேன். ஆடுகிற ஐந்தாவது காலை ஆணி அடித்து நிலையாக நிறுத்தினேன். அது இனி ஜென்மத்துக்கும் நகராது. வார்னிஷ் காய்ந்துவிட்டது. விரிசல் எங்கே இருந்தது என்று பூதக்கண்ணாடியாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை, லென்ஸோடு தேடிவிட்டுத் தோற்றுப்போனார். என் வாழ்க்கையில் நான் செய்த வேலைகளிலேயே சுத்தமான வேலை இது.

ஆனால் ஒன்று சொல்கிறேன், இதையும் வாசித்துக் காட்டுங்கள். அந்த மேஜையில் நான் இன்னும் சாப்பிடவில்லை. தட்டை வைத்து உட்கார்ந்து பார்த்தேன், எதிரே ஆள் இல்லாமல் பிடிக்கவில்லை. சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிடுகிறேன். மிஷின் மேல் தூசி படிகிறது, மேஜையைத் தாண்டிப் போய்த் துடைக்க முடியவில்லை. இன்று பூதக்கண்ணாடியும் நானும் மேஜையைத் தூக்கி ஹாலில் போட்டுவிடுவோம், அவள் மிஷினுக்கு வழி பிறந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை தாங்களே அவளை அழைத்துவந்து பாருங்கள். நடுவில் இருந்தது விரிசல்தான், அது சரியாகிவிட்டது, நான் சொன்னதுதான் சரி என்று அவளே ஒப்புக்கொள்வாள். ஒப்புக்கொண்டபிறகு நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

தங்கள் முழங்கால் சீக்கிரமே முன்போல மடங்கி நிமிர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். வீட்டில் சின்னவர்கள் யார் இருந்தாலும் அவர்களுக்கு என் ஆசிகள். அவளுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை, மேஜை பளபளக்கிறது என்று சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் ஒரு வரியையும் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். தாங்கள் வரிசைப்படி வாசிக்கிற ஆள், இதற்குள் வாசித்து முடித்திருப்பீர்கள். அப்படியானால் அவள் இப்போது சிரித்துக்கொண்டிருப்பாள். சிரிக்கட்டும்.

மேஜை உள்ளறை வாசலில் மாட்டிக்கொண்டிருக்கிறது. நேராகப் போகவில்லை, பக்கவாட்டில் போகவில்லை, தலைகீழாகத் திருப்பியும் போகவில்லை. வார்னிஷ் வேறு உரிந்துவிட்டது. பூதக்கண்ணாடி உள்ளே மிஷின் பக்கம் நிற்கிறார், நான் ஹால் பக்கம். மேஜைக்கு மேலே இருக்கிற சந்து வழியாக அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "சார், இது உள்ள எப்படி வந்துச்சு?" என்று கேட்டார். அப்போது வீட்டில் நான் இல்லை. இருந்தது அவள்தான், அவளை நான் கேட்கவே இல்லை.

சுத்தியலை எடுக்க ஹால் மூலைக்குப் போனேன். காற்றில் இந்தக் கடிதம் படபடத்தது. உறையில் போட்டுவிடலாம் என்று மேலே இருந்த இரும்புத் தகட்டை எடுத்தேன். மண்ணெண்ணெயில் ஊறிப் பெயிண்ட் எல்லாம் உதிர்ந்திருந்தது. என் கையில் அது மெதுவாக இரண்டாக மடிந்தது. விரித்தேன், விரிந்தது. மறுபடி மடித்தேன்.

அது கீல், மைத்துனரே. இன்னொன்றையும் எடுத்துப் பார்த்தேன், அதுவும் கீல். ஐந்தாவது காலை உள்ளே தள்ளினால் பாதிப் பலகை கீழே தொங்கும், மேஜை பாதியாகிச் சுவரோடு ஒண்டிக்கொள்ளும், சாப்பிடும்போது விரித்துக்கொள்ளலாம். சின்ன வீடு, அதற்காகத்தான் அவள் கடையில் குனிந்து பார்த்தாள். மடித்துத்தான் இந்த வாசல் வழியாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். எனக்குக் காட்டுவதற்காக விரித்து வைத்துக் காத்திருந்திருக்கிறாள். கடையில் சொல்ல வந்தாள், வீட்டில் சொல்ல வந்தாள், சாப்பாட்டின்போது இரண்டு தடவை, அப்புறம் போனில். நான் பசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மேஜையை அறுத்தால்தான் பூதக்கண்ணாடி வெளியே வர முடியும் என்று நினைத்தோம். அவர் மிஷின் மேல் ஏறி ஜன்னல் வழியாக வெளியேறலாமா என்று பார்க்கிறார். மிஷின் மேல் கால் வைக்கக் கூடாது என்று கத்தியிருக்கிறேன், உள்ளே கிடக்கிற நாற்காலியில் ஏறச் சொல்லியிருக்கிறேன். மேஜையை நான் தொடப் போவதில்லை. அந்தக் கோட்டில்தான் அறுக்க வேண்டும், அந்தக் கோட்டை நானே மூடித் தேய்த்துக் காணாமல் அடித்துவிட்டேன். ஏறத்தாழத் தெரியும், ஏறத்தாழ அறுத்தால் அப்புறம் அது விறகு. துணியில் மடிப்பு எங்கே விழுந்திருந்தது என்று விரலால் தடவியே சொல்கிறவள் அவள்.

வேனைச் சனிக்கிழமை அனுப்புங்கள், தடுக்க மாட்டேன். அதில் அவளும் வரட்டும். கோடு எங்கே என்று காட்டிவிட்டு மிஷினை எடுத்துக்கொண்டு போவதா, மிஷின் இங்கேயே இருப்பதா என்பதை அவள் சொல்லட்டும். அவள் முடிக்கிறவரை நான் குறுக்கே பேச மாட்டேன். முடித்துவிட்டாள் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். அவளே சொல்லட்டும், அதுவரை இந்தக் கீலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இந்தக் கடிதத்தை நான் திரும்பப் படித்துப் பிழை பார்க்கவில்லை. இருக்கிறபடியே அனுப்புகிறேன்.